ஓவியரின் மேசைக்கு முன் நிற்கும்போது

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். சிறுவயதிலிருந்து நீங்கள் விரும்பிப் படித்த காமிக்ஸ் ஓவியர் ஒருவர் அடுத்த மாதம் ஒரு கண்காட்சிக்கு வருகிறார். அவரை முன்பு சந்தித்தவர்களில் சிலர் நெகிழ்ந்துபோய்ப் பேசுகிறார்கள். வேறு சிலர் அவரைச் சிடுமூஞ்சி என்றும் கையெழுத்துக்குக்கூடக் காசு கேட்பவர் என்றும் திட்டுகிறார்கள். போகலாமா, அல்லது அவரைத் தாளிலேயே வைத்துக்கொள்வது நல்லதா என்று கேட்கிறீர்கள்.

போங்கள். ஆனால் இந்த இரண்டு வகை அனுபவமும் எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஓவியரின் குணம் அதில் ஒரு பங்குதான். ரசிகர் கையில் பிடித்திருக்கும் இதழுக்கோ பக்கத்துக்கோ வெளியே என்ன விலை, அந்த விலையில் ஓவியருக்கு என்றைக்காவது ஏதாவது கிடைத்ததா என்பதே பல சந்திப்புகளின் சுவையைத் தீர்மானிக்கிறது என்பது நான் நெடுநாள் கவனித்து வந்த முடிவு.

நெடுங்காலம் வரை இந்தச் சிக்கலே எழவில்லை. ஏனெனில் ஓவியர் யார் என்பதே வாசகருக்குத் தெரியாது. டிஸ்னியின் வாத்துக் கதைகளை எழுதி வரைந்தவரும், 1947-இல் அங்கிள் ஸ்குரூஜ் என்னும் கஞ்சப் பணக்கார வாத்தைப் படைத்தவரும் கார்ல் பார்க்ஸ் என்பவர். ஆனால் இதழ்களில் வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது. படித்த பிள்ளைகளோ கோட்டின் அழகை வைத்தே ஆளைப் பிரித்தறிந்து, பெயர் தெரியாத அந்த மனிதரை ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று தமக்குள் அழைத்துக்கொண்டார்கள். 1960-இல் ஜான் ஸ்பைசர் என்னும் ரசிகர் எப்படியோ முகவரியைக் கண்டுபிடித்து எழுதிய கடிதம் வந்து சேர்ந்தபோது, தம்மை யாரோ தெரிந்தவர் கேலி செய்கிறார் என்றே பார்க்ஸ் முதலில் நினைத்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாக, மாதந்தோறும் பல லட்சம் பேர் படித்த கதைகளை வரைந்த ஒருவருக்கு ஒரு ரசிகர் கடிதம் நம்ப முடியாத பொருளாக இருந்திருக்கிறது.

நம் ஊர் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கியபோது, அந்த மாயாவியை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? 1962-இல் அந்தத் தொடர் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ இதழில் வெளிவரத் தொடங்கியபோதே அவர் பெயர் அச்சாகவில்லை. பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் 1977-இல் ‘2000 ஏடி’ என்னும் இதழ் வந்த பிறகுதான் மெல்ல வேரூன்றியது. பிளாஸ்கோ 1995-இல் காலமானார்; தமிழ் நாட்டில் தமக்கு ஒரு தலைமுறை ரசிகர்கள் இருந்ததை அவர் அறிந்திருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

பெயர் தெரிந்த பிறகு ரசிகர்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென் ஆகியோரின் உருவாக்கத்தில் பங்குகொண்ட ஜாக் கர்பி 1969-இல் நியூயார்க்கை விட்டுக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வரும் பள்ளிப் பிள்ளைகளைக்கூட அவர் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துக் கதை சொல்வார். அவர் மனைவி ரோஸ் அவர்களுக்கு உண்ணக் கொடுத்து அனுப்புவார். அப்படிப் போன பதினேழு வயதுப் பையன் மார்க் எவனியர், அடுத்த ஆண்டே கர்பியின் உதவியாளராகச் சேர்ந்து, பல்லாண்டுகளுக்குப் பின் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1970 ஆகஸ்டில் சான் டியேகோவில் ஏறத்தாழ 300 பேருடன் நடந்த சிறு மாநாட்டுக்குக் கர்பி மகிழ்ச்சியோடு போய்ப் பேசினார். அந்த மாநாடுதான் இன்று 1,30,000-க்கும் மேற்பட்டோர் திரளும் சான் டியேகோ காமிக் கானாக வளர்ந்திருக்கிறது.

இதே கர்பியின் கதையில்தான் கசப்பின் வேரும் இருக்கிறது. அக்காலத்து அமெரிக்க வழக்கப்படி ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டால், பாத்திரமும் கதையும் நிறுவனத்துக்குச் சொந்தம்; மையால் வரைந்த அந்த அட்டைத் தாளும் கிடங்கிலேயே தங்கிவிடும். 1970-களில் அசல் பக்கங்களை ஓவியர்களிடம் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. மற்றவர்களிடம் ஒரு பக்கப் படிவத்தில் கையொப்பம் கேட்ட மார்வெல் நிறுவனம், 1980-களின் நடுவில் கர்பியிடம் மட்டும் நான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டியது. அதற்கு ஈடாகத் தருவதாகச் சொன்னதும் வெறும் 88 பக்கங்கள். அவர் அந்த நிறுவனத்துக்கு வரைந்தவை பத்தாயிரத்தைத் தாண்டும். சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் ரசிகர்களும் வெளிப்படையாகக் குரல் கொடுத்த பிறகு, 1987-இல் ஏறத்தாழ 2,000 பக்கங்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. இந்த இழுபறி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, கிடங்கிலிருந்து எப்படியோ வெளியேறிய அவருடைய பக்கங்கள் மாநாட்டு வியாபாரிகளின் மேசைகளில் விற்பனைக்கு இருந்தன. அப்படி ஒரு பக்கத்தை நல்ல விலைக்கு வாங்கிய ரசிகர், ‘ஐயா, இதில் ஒரு கையெழுத்து’ என்று அதை வரைந்தவர் முன்னாலேயே நீட்டும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ரசிகருக்கு அது வாழ்நாளின் இனிய தருணம். ஓவியருக்குத் தன் வீட்டில் களவுபோன பொருளை மீண்டும் பார்ப்பது போல.

விலை ஏற ஏற இந்தப் பிளவு ஆழமாகியது. மைக் ஸெக் வரைந்த ‘சீக்ரெட் வார்ஸ்’ எட்டாம் இதழின் ஒரே ஒரு அசல் பக்கம், ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் பக்கம், 2022 ஜனவரியில் டல்லாஸ் நகர ஏலத்தில் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்தத் தலைமுறை ஓவியர்கள் பலர் அத்தகைய பக்கங்களை அவசரத் தேவைக்காகச் சொற்பத் தொகைக்கு விற்றவர்கள். மறுவிற்பனையில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. 2000-ஆம் ஆண்டில் சிஜிசி என்னும் தரமதிப்பீட்டு நிறுவனம் வந்து, இதழை நெகிழிப் பேழைக்குள் அடைத்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுத் தரத் தொடங்கியது. தன் ஆள் ஒருவர் நேரில் பார்க்கப் போடப்பட்ட கையொப்பத்துக்குத் தனி முத்திரையும் அது தந்தது. அன்றிலிருந்து ஓவியரின் பேனா, வேறொருவரின் பொருளுக்கு விலையேற்றும் கருவியாகவும் மாறிவிட்டது. ஆகவே ஓர் ஓவியர் முதல் இரண்டு இதழ்களுக்கு இலவசம், அதற்குமேல் கட்டணம், பேழைக்குப் போகும் இதழுக்கு இன்னும் கூடுதல் கட்டணம் என்று மேசையில் எழுதி வைத்தால், அதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். முன்னால் நிற்பவர்களில் யார் ரசிகர், யார் வியாபாரியின் கையாள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையிலிருந்து தப்பிக்க அவருக்கு இருக்கும் எளிய வழி அது.

அவ்வாறு கண்டுபிடிக்க முடியாமல் மனம் விட்டுப்போனவர்களும் உண்டு. ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ என்னும் நாளிதழ்ப் படத்தொடரைப் படைத்த பில் வாட்டர்சன், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தம் ஊரான சாக்ரின் ஃபால்ஸில் இருந்த ஒரு சிறு புத்தகக் கடையில், யாருக்கும் சொல்லாமல் தம் நூல்களில் கையொப்பமிட்டு அலமாரியில் செருகிவிட்டுப் போவார். தற்செயலாக வாங்குபவருக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கிடைக்கட்டும் என்பதே எண்ணம். அந்தப் பிரதிகள் இணையத்தில் பெருந்தொகைக்கு விற்கப்படுவது தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டார். கார்ல் பார்க்ஸுக்கும் இது நேர்ந்தது. ஓய்வுபெற்ற பிறகு, ஒரு ரசிகர் கேட்டதன் பேரில், 1971-இல் டிஸ்னியிடம் அனுமதி பெற்றுத் தம் வாத்துகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். ஓவியங்களில் ஒன்றை யாரோ அனுமதியின்றி அச்சிட்டு விற்றதால் 1976-இல் அந்த அனுமதியே பறிபோனது. மீண்டும் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. இத்தகைய செய்கையால் நட்டப்படுவது அடுத்து வரிசையில் நிற்கும் ஆயிரம் பேர்தான் என்பதைச் செய்பவர்கள் உணர்வதில்லை.

பிரெஞ்சு, பெல்ஜிய வழக்கம் வேறு. அங்கே கையொப்பம் என்றால் வெறும் பெயர் எழுதுவது அல்ல. வாங்கிய நூலின் முதல் பக்கத்தில் ஓவியர் பாத்திரம் ஒன்றை வரைந்தே தருவார், அதுவும் இலவசமாக. 1974 முதல் பிரான்ஸின் அங்குலேம் நகரில் நடந்துவந்த காமிக்ஸ் திருவிழாவில் இதற்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கூட்டம் மிகுந்தால் சீட்டுக் குலுக்கல். தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் விரும்பிப் படித்த கேப்டன் டைகர், ரத்தப் படலம் ஆகிய தொடர்களைத் தந்த மரபு இது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு நூலுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் மணிக்கு ஆறு பேர்தான். மூன்று நாள் குனிந்து வரைந்து மணிக்கட்டு வீங்கித் திரும்பும் ஓவியருக்கு அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. 2016-இல் பிரான்ஸில் வெளியான ஒரு கணக்கெடுப்பில் பதிலளித்த காமிக்ஸ் படைப்பாளிகளில் 53 விழுக்காட்டினரின் ஆண்டு வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைக்கூட எட்டவில்லை என்று தெரியவந்தது. அந்தப் பின்னணியில்தான், திருவிழாவில் உட்கார்ந்து வரைவதற்கு ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. தம் பெயரை எழுதாமல் படம் மட்டும் போதும் என்று கேட்பவரை அங்குள்ள ஓவியர்கள் ஐயத்தோடு பார்ப்பதற்கும் காரணம் உண்டு: பெயர் இல்லாத படம் எளிதில் விலைபோகும். உங்களிடம் ‘யார் பெயருக்கு?’ என்று கேட்டால் தயங்காமல் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஒரு பதிலே அவர் முகத்தை மாற்றிவிடும்.

நேரில் பார்ப்பது மட்டுமே சந்திப்பு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பதினோராம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி ஆசிரியை ஹாரியட் கிளிக்மன், சார்லி பிரவுன் என்னும் சிறுவனையும் அவன் நண்பர்களையும் பற்றிய ‘பீனட்ஸ்’ படத்தொடரை வரைந்த சார்லஸ் ஷுல்ஸுக்கு எழுதி, அந்தப் பிள்ளைகளின் கூட்டத்தில் ஒரு கறுப்பினச் சிறுவனையும் சேர்க்கக் கூடாதா என்று கேட்டார். கறுப்பின மக்களிடம் தாம் மேலிருந்து கருணை காட்டுவதுபோல ஆகிவிடுமோ என்ற தயக்கத்தை ஷுல்ஸ் மறைக்காமல் பதிலில் எழுதினார். ஆசிரியை விட்டுவிடவில்லை, அந்தப் பதிலைத் தம் கறுப்பின நண்பர்களிடம் காட்டி, அவர்களையும் எழுதவைத்தார். அவ்வாண்டு ஜூலை 31-இல் ஃப்ராங்க்ளின் என்ற சிறுவன் கடற்கரையில் சார்லி பிரவுனைச் சந்தித்தான். ஒரு வாசகரின் சில கடிதங்கள் ஒரு தொடரில் இவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கியதற்கு ஈடான வேறு நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

ஸ்பைடர்மேனின் முதல் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ இதற்கு நேர்மாறாகத் தோன்றுவார். பல பத்தாண்டுகளாகப் பேட்டி தரவில்லை, படம் எடுக்க விடவில்லை. ஆனால் தமக்கு வந்த கடிதங்களுக்குக் கையால் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். 2007-இல் பிபிசி ஆவணப்படம் ஒன்றுக்காக தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜோனதன் ராஸும் எழுத்தாளர் நீல் கெய்மனும் அவருடைய நியூயார்க் பணியறைக்குப் போனபோது, கேமராவுக்கு முன் வர மறுத்தவர், அவர்களோடு பேசி, சில இதழ்களையும் கொடுத்தனுப்பினார். அவரை மனித வெறுப்பாளர் என்று சொல்வது தவறு. தம்மைக் காட்சிப்பொருளாக்குவதைத்தான் அவர் மறுத்தார். கதவைத் தட்டி ஏமாந்தவர்கள் ஒரு தபால்தலை ஒட்டியிருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சிகள் ஜப்பானைச் சேர்ந்தவை. ஒரே மனிதரிடம் நல்லதும் கெட்டதும் எப்படிக் குடியிருக்கும் என்பதை அவை காட்டுகின்றன. 1952-இல் தொயாமா மாகாணத்திலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த இரு இளைஞர்கள், ஜப்பானியக் காமிக்ஸின் முன்னோடியான ஒஸாமு தெசுகாவைப் பார்க்க தகராஸுகாவில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்த் தாங்கள் வரைந்த நெடிய கையெழுத்துப் படியைக் காட்டினார்கள். தெசுகா மென்மையாகப் பாராட்டி அனுப்பினார். உள்ளுக்குள் திகைத்துப்போனதாகப் பின்னாளில் சொன்னார். 1954-இல் டோக்கியோவின் தொகிவா-சோ குடியிருப்பை விட்டு அவர் வெளியேறியபோது, தம் அறையை அந்த இருவருக்கே கொடுத்து, கட்டியிருந்த முன்பணத்தையும் அவர்களுக்காகவே விட்டுச்சென்றார். அந்த இருவர் ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒற்றைப் பெயரில் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான ஹிரோஷி ஃபுஜிமோதோவின் டோரேமோனை இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் தமிழில் பார்க்கிறார்கள்.

இதே தெசுகா, மியாகி மாகாணத்துப் பள்ளி மாணவன் ஒருவனின் கைத்திறனைக் கண்டு, தமக்கு உதவ வருமாறு தந்தி அடித்து அழைத்தார். அந்த மாணவன் ஷோதாரோ இஷினோமோரி. ஆண்டுகள் கடந்தன; 1960-களின் பிற்பகுதியில் தெசுகாவின் நிறுவனமே நடத்திய இதழில், வசனம் மிகக் குறைந்த, கவிதை போன்ற ஒரு தொடரை இஷினோமோரி வரைந்தார். இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். தமக்கு எழுதிய ஒரு வாசகருக்கு அனுப்பிய பதிலில் தெசுகா, அது மங்காவே (ஜப்பானியக் காமிக்ஸே) அல்ல என்ற பொருள்படத் தாக்கி எழுதிவிட்டார். அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி இஷினோமோரியின் கைக்கே வந்தது. அவர் மனமுடைந்து தொடரை நிறுத்த முடிவெடுக்க, தெசுகா அவர் வீட்டுக்கே நேரில் போய், ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். புகழின் உச்சியில் இருந்தவர் தம்மிடம் பயின்ற பையனைக் கண்டு பொறாமைப்பட்டதும் உண்மை. அதை ஒப்புக்கொள்ள வாசற்படி ஏறியதும் உண்மை. இடையில் இருந்த அந்த ரசிகரின் நிலையை எண்ணிப் பாருங்கள்: தம் தெய்வத்திடமிருந்து வந்த கடிதமே இன்னொரு தெய்வத்தைக் காயப்படுத்தியது.

ஓவியராக விரும்பி மாதிரிப் பக்கங்களை எடுத்துச் செல்பவர்களின் அனுபவம் தனி வகை. நியூயார்க்கில் பேட்மேன் கதைகளை வரைந்து புகழ்பெற்ற நீல் ஆடம்ஸிடம் போனவர்கள் பலர் துவண்டு திரும்பியிருக்கிறார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஃப்ராங்க் மில்லரின் பக்கங்களையும் அவர் ஈவிரக்கமின்றிக் குறை சொன்னார். மில்லர் திருத்திக்கொண்டு மீண்டும் மீண்டும் வந்தார். கடைசியில் 1978-இல் அவருடைய பக்கங்கள் அச்சேறின. சூப்பர்மேனைப் படைத்த ஸீகலும் ஷுஸ்டரும் முதுமையில் வறுமையில் வாடியபோது, 1975-இல் அவர்களுக்கு ஓய்வூதியமும், படைத்தவர்கள் என்று பெயர் அச்சாகும் உரிமையும் கிடைக்க முன்னின்று போராடியவரும் இதே ஆடம்ஸ்தான். நாக்கின் கடுமையை வைத்து மனிதரை எடைபோடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கடுமை தேவை என்பதற்காக அல்ல.

ஆனால் எல்லாவற்றையும் களைப்பு, விலை, பழைய கசப்பு என்று விளக்கிவிட முடியாது. பெண் ரசிகர்களிடமும் இளம் பெண் ஓவியர்களிடமும் தகாத முறையில் நடந்துகொண்டவர்கள் இத்துறையில் உண்டு. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி நெருங்கியவர்களும் உண்டு. 2014-இல் நியூயார்க் காமிக் கான், காமிக்ஸ் பாத்திரங்களைப் போல வேடமிட்டு வருவது அத்துமீறலுக்குச் சம்மதம் ஆகாது என்ற அறிவிப்புப் பலகைகளை வாயிலில் நிறுத்தியது வீணாக அல்ல. அப்படி ஒன்று நேர்ந்தால் அது கசப்பான அனுபவம் அல்ல, குற்றம். ஏற்பாட்டாளரிடம் அங்கேயே, அப்போதே சொல்லவேண்டும். படம் வரைந்து தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் படம் அனுப்பாதவர்களையும் நான் நியாயப்படுத்தமாட்டேன். என்னுடைய பணமும் ஒருவரிடம் அப்படி மூன்று ஆண்டு தங்கியது. ஆகவே முழுத்தொகையை முன்னதாகக் கொடுக்காதீர்கள்.

உங்கள் சந்திப்புக்கு வருகிறேன். முதல் நாள் காலையில் போங்கள். கடைசி நாள் மாலையில் எந்த ஓவியரும் இன்முகத்தோடு இருப்பது கடினம். இரண்டு இதழ்களுக்குமேல் நீட்டாதீர்கள். ‘சின்னதாக ஒன்று வரைந்து கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள்; வரைவது அவர் பிழைப்பு, விலைப்பட்டியல் இருந்தால் அதன்படி கேளுங்கள். நாற்பது ஆண்டு வரைந்தவரிடம் எல்லோரும் ஒரே ஒரு பாத்திரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைப் பற்றி, அதில் மழையை எப்படி வரைந்தார் என்பது போன்ற ஒன்றைக் கேளுங்கள். பின்னால் நிற்பவரை மறக்காதீர்கள். இவ்வளவு செய்தும் அவர் நிமிர்ந்து பாராமல் கையெழுத்திட்டு அனுப்பலாம். மறுபுறம், 2021 டிசம்பரில் அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஜார்ஜ் பெரஸ், தமக்கு வந்த கணையப் புற்றுநோய் அறுவைக்கு அப்பாற்பட்டது என்று அறிவித்தபோது, சிகிச்சையை மறுத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை ரசிகர்களோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொருவரையும் கட்டித்தழுவ வேண்டும் என்றே விருப்பம் தெரிவித்தார். அடுத்த மே மாதம் காலமானார்.

முடிந்தால் அவருடைய கதையின் தமிழ்ப் பதிப்பு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் புத்தகக் கண்காட்சி ஒன்றில், முதிய ஐரோப்பிய ஓவியர் ஒருவரிடம் அவருடைய கதையின் பழைய பாக்கெட் அளவுத் தமிழ் இதழை நீட்டினேன். சாணித்தாள், கறுப்பு வெள்ளை. புரட்டியவரின் முகம் முதலில் சுருங்கியது. அவர் பார்த்துப் பார்த்து அமைத்த பெரிய பக்கங்களை அந்தக் காலத்தில் கட்டம் கட்டமாக வெட்டி, சிறிய பக்கத்துக்குள் அடுக்கியிருந்தார்கள். பிறகு ஒரு படக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, இந்த எழுத்துகள் என்ன சத்தம் என்று கேட்டார். ‘டுமீல்’ என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அந்த இதழைத் தாமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், கொடுத்துவிட்டேன். அதனால் அவருடைய கையொப்பம் என்னிடம் இல்லை. இன்று பழைய இதழ் சேகரிப்பவர்களிடம் அந்தப் பிரதி என்ன விலைக்குப் போகிறது என்பதை நான் விசாரிப்பதும் இல்லை.